சிக்கு முடி, சலூன் முடி, நாய் முடி: எது எருக்குழிக்கு, எது எங்கே?

முடியில் நைட்ரஜன் சுமார் 15 சதவீதம். நன்றாக மக்கிய தொழு எருவில் அரை சதவீதம். கடலைப் புண்ணாக்கில் 7, வேப்பம் புண்ணாக்கில் 5. இந்த எண்களை அடுக்கி, "முடியைக் குப்பையில் போடாதீங்க, செடிக்குப் போடுங்க" என்று மாடித்தோட்டக் குழுக்களில் ஒரு செய்தி ஓயாமல் சுற்றுகிறது. எண்கள் சரிதான். ஆனால் சதவீதத்தைச் சொல்கிறவர்கள் எடையைச் சொல்வதில்லை. வீட்டில் முடி எத்தனை கிராம் சேரும், அது மக்க எத்தனை மாதம் ஆகும், அதோடு என்னென்ன ஒட்டிக்கொண்டு வரும் என்று பார்த்த பிறகுதான் எருக்குழியா, மூடாக்கா (மண்ணுக்கு மேலே போர்வையாகப் பரப்புவதா), மரத்தடியா, முடி வாங்குகிறவரா என்று முடிவெடுக்க முடியும்.

எடையை முதலில் பார்ப்போம். தலையிலிருந்து ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது சாதாரணம். இரண்டடி நீள முடி ஒன்று ஏறக்குறைய 3 மில்லிகிராம் இருக்கும். நூறு உதிர்ந்தாலும் நாளைக்கு 0.3 கிராம், வருஷத்துக்குச் சுமார் 100 கிராம். அதிலுள்ள நைட்ரஜன் 15 கிராம். இதே 15 கிராம் இருநூறு கிராம் சொச்சம் கடலைப் புண்ணாக்கில் கிடைத்துவிடும். விலை ஒரு டீ காசு. வருஷம் பூராவும் சீப்பிலிருந்து எடுத்து, டப்பாவில் சேர்த்து, கத்தரியால் நறுக்கிப் போட்டு நீங்கள் மிச்சம் பிடிப்பது அந்த டீ காசைத்தான்.

நாய் முடி கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். லாப்ரடார் முடி கொட்டுகிற மாதங்களில் பிரஷ் போட்டால் கூடை கூடையாக வரும். தராசில் வைத்தால் முள் அசையாது.

சலூன் கணக்கு வேறு. ஒரு தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி. மாதம் ஒரு தடவை இரண்டு, மூன்று சென்டிமீட்டர் வெட்டினால் 10 முதல் 15 கிராம் விழும். நாளைக்கு இருபது பேருக்கு வெட்டுகிற கடையில் 200 முதல் 300 கிராம்; மாதத்தில் 5 முதல் 8 கிலோ. உரம் என்று எழுதி வைக்கிற அளவுக்கு முடி சேருகிற இடம் இது ஒன்றுதான். ஆகவே இரண்டு கேள்விகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வீட்டு முடிக்கு 'எங்கே போட்டால் தொந்தரவில்லை' என்று மட்டும் பார்த்தால் போதும். 'எதற்குப் போட்டால் பலன்' என்ற கேள்வி சலூன் மூட்டைக்குத்தான்.

மக்குவதற்கு ஏன் இவ்வளவு நாள்

முடி, நகம், கொம்பு, இறகு எல்லாமே கெரட்டின் என்ற புரதம். அந்தப் புரத இழைகளைக் கந்தக அணுக்கள் ஜோடி ஜோடியாகக் குறுக்கே பிணைத்து வைத்திருக்கின்றன. பார்லரில் முடியை நேராக்க ரீபாண்டிங் செய்யும்போது மருந்து போட்டு உடைப்பது இந்தப் பிணைப்பைத்தான். அவ்வளவு வீரியமான மருந்து வேண்டியிருக்கிறது என்றால், காய்கறித் தோலைப் பத்து நாளில் கூழாக்குகிற சாதாரண பாக்டீரியாவால் முடியை ஒன்றும் செய்ய முடியாமல் போவதில் ஆச்சரியமில்லை. இதற்கென்றே சில பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் மண்ணில் இருக்கின்றன. 1952ல் வான்பிரோசெகெம் என்ற பெல்ஜிய மருத்துவ ஆய்வாளர் அவற்றைப் பிடிக்க ஒரு எளிய வழி சொன்னார்: தட்டில் ஈர மண்ணைப் போட்டு, மேலே முடியைத் தூவி, மூடி வைத்துவிட வேண்டும். சில வாரங்களில் முடியின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை படரும். இன்றைக்கும் ஆய்வுக்கூடங்களில் முடியைத் தூண்டிலாகப் போட்டுத்தான் இந்தப் பூஞ்சைகளைப் பிரிக்கிறார்கள். அதாவது தோட்டத்து மண்ணிலேயே ஆள் இருக்கிறது. ஈரமும் அவகாசமும் கொடுத்தால் வேலை நடக்கும், அவசரப்படுத்த முடியாது.

அவசரப்படுத்த முடியாது என்பதற்கு நல்ல சோதனை ஒன்று உண்டு. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தில் வால்ச்சோ ஜெல்யாஸ்கோவ் குழுவினர், சலூன் முடியைச் சின்னக் கட்டிகளாக அழுத்தி, மக்கவைக்காமல் அப்படியே தொட்டியில் போட்டு லெட்யூஸ் கீரை உட்பட நான்கு செடிகளை வளர்த்தார்கள். 2008ல் முடிவுகள் வந்தன. எதுவுமே போடாத தொட்டியைவிட முடி போட்ட தொட்டியில் விளைச்சல் கூடுதல். ஆனால் லெட்யூஸில் ரசாயன உரம் போட்டதை எட்டவில்லை. லெட்யூஸ் மாதிரி சீக்கிரம் அறுவடைக்கு வருகிற பயிருக்கு முடியை மட்டும் நம்பினால் போதாது, முடி சிதைய ஆரம்பிக்கும் முன்பே பயிரின் காலம் முடிந்துவிடுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். நம் ஊருக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் விஷயம் தெளிவு. இருபத்தைந்து நாளில் பிடுங்குகிற சிறுகீரைக்கும் முளைக்கீரைக்கும் முடி வீண். கத்தரி, மிளகாய் மாதிரி ஐந்தாறு மாதம் நிற்பவற்றுக்குப் பின்பாதியில் ஏதோ கிடைக்கும். தென்னை, மா, எலுமிச்சை, கொய்யா, முருங்கை என்று வருஷக்கணக்கில் நிற்கிற மரத்துக்குத்தான் முடியின் மெத்தனம் ஒரு சௌகரியம்.

முடியில் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) கிட்டத்தட்ட இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "முழு உரம்" என்று யாராவது எழுதியிருந்தால் மேலே படிக்க வேண்டாம்.

சிக்கு முடியை விற்பது

சீப்பில் வருகிற நீள முடிக்கு நம் ஊரில் எருக்குழியைவிட நல்ல வழி ஏற்கெனவே இருக்கிறது. "சிக்கு முடி வாங்குறது" என்று மைக் கட்டிக்கொண்டு டி.வி.எஸ். 50ல் வருகிறவர், ஒரு காலத்தில் பாத்திரமும் பிளாஸ்டிக் குடமும் கொடுத்தார். இப்போது எடை போட்டுக் காசாகவே கொடுக்கிறார். அந்தப் பந்துகள் போய்ச் சேருகிற இடங்களில் ஆந்திராவின் ஏலூரும் கர்நாடகத்தில் கொப்பல் பக்கமுள்ள பாக்யநகரும் பேர் போனவை. அங்கே பெண்கள் உட்கார்ந்து ஊசியால் சிக்கெடுத்து, நீளவாரியாகப் பிரித்து, சீப்புப் பலகையில் வாரிக் கட்டுகிறார்கள். விக் தொழிலுக்குப் போகிற சரக்கு. கச்சா முடி கள்ளத்தனமாக எல்லை தாண்டுகிறது என்ற புகாரில் 2022 ஜனவரியில் மத்திய அரசு அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடே போட்டது என்றால், இந்தச் சிக்குப் பந்துக்கு வெளியே எவ்வளவு கிராக்கி என்று பார்த்துக்கொள்ளலாம்.

100 கிராம் முடியின் உர மதிப்பு ஒரு டீ. அதே 100 கிராமுக்கு முடி வாங்குகிறவர் தருவது அதைவிடப் பல மடங்கு. நீளமாக இருக்கும்வரை விற்பதே கணக்குக்குச் சரி. பாப் கட், தோள்வரை வெட்டிய முடி, டை அடித்துச் சொரசொரத்த முடி இதையெல்லாம் அவரே ஒதுக்கிவிடுவார். அந்த ஒதுங்கியதுதான் எருக்குழிக்கு.

இதில் வீட்டுக்குள் ஒரு சங்கதி உண்டு. சீப்பில் வந்த முடியைச் சுருட்டி, தூ தூ என்று மூன்று தடவை துப்பித்தான் எறிவார்கள் பல வீடுகளில். முடி பறந்தால் சண்டை வரும், யார் கையிலாவது சிக்கினால் செய்வினை என்று ஆயிரம் பயம். அதை நாம் சாப்பிடுகிற செடியின் தொட்டியில் புதைக்கப் போகிறேன் என்று நீங்கள் சொன்னால் அம்மாவோ மாமியாரோ சும்மா இருக்க மாட்டார்கள். பதினைந்து கிராம் நைட்ரஜனுக்காக அந்தச் சண்டையைப் போடுவது எனக்கு உசிதமாகப் படவில்லை. துளசி மாடத்தின் பக்கம் போகவே வேண்டாம்.

எருக்குழியில் போடுவது

போட முடிவு செய்தால், போடுகிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பந்தாகப் போட்ட முடி பந்தாகவே வெளியே வரும். ஆறு மாதம் கழித்து எருவைச் சலிக்கும்போது சல்லடையில் மண் ஒட்டிய கறுப்பு நூல்கண்டாக மிஞ்சும். பிரித்தால் உள்ளே இன்னும் எண்ணெய்ப் பிசுக்கோடு பளபளப்பாக இருக்கும். நம் வீட்டு முடியில் தேங்காய் எண்ணெய் இருக்கிறது. அது தண்ணீரை உள்ளே விடாது. தண்ணீர் போகாத இடத்தில் பூஞ்சையும் போகாது.

அதனால் கத்தரியால் இரண்டு, மூன்று சென்டிமீட்டராக நறுக்குங்கள். ஒரு வாளிச் சாணிக் கரைசலில் ஓரிரவு ஊறவிடுங்கள். சாணியில் உள்ள நுண்ணுயிர் முடியில் பூசிக்கொள்ளும், எண்ணெய்ப் பிசுக்கும் கொஞ்சம் விடும். காலையில் அந்தக் கரைசலோடு சேர்த்துக் காய்ந்த இலை அடுக்கின் மேல் தெளிக்க வேண்டும். தெளிக்கிற அளவு, இலை தெரிகிற மாதிரி மெல்லிசாக. அதன் மேல் இலை, அதன் மேல் பச்சைக் கழிவு.

விகிதத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. காகிதத்தில் கணக்குப் போட்டால் ஒரு கிலோ முடிக்குச் சுமார் 20 கிலோ காய்ந்த இலை வரும். கரிமமும் நைட்ரஜனும் 30க்கு 1 இருந்தால் குவியல் நன்றாக மக்கும் என்ற அந்தப் பழைய சூத்திரப்படி. ஆனால் சூத்திரம் எல்லா நைட்ரஜனும் உடனே கிடைக்கும் என்று நினைத்துப் போட்டது. முடியின் நைட்ரஜன் பூட்டிய பெட்டியில் இருக்கிறது. முதல் இரண்டு மாதம் குவியலுக்கு அது கண்ணில்கூடப் படாது. முடியை நம்பிப் பச்சைக் கழிவைக் குறைத்தால் குவியல் சூடேறாமல் வெறும் சருகுக் குவியலாகக் கிடக்கும். எனவே முடியை இல்லாததாகவே வைத்துக் குவியலைக் கட்டுங்கள்: சமையலறைக் கழிவு, சாணி, களைச்செடி எல்லாம் வழக்கமான அளவில். முடி அதில் ஓர் உபரி.

தென்னை நார்க்கழிவுக்கும் இதே விஷயம் பொருந்தும். அதில் கரிமம் நைட்ரஜனைப் போல நூறு மடங்குக்கும் மேல். மக்கவைக்க ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக் காளானும் சேர்க்கச் சொல்வது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் முறை. யூரியா பிடிக்காதவர்கள் அதற்குப் பதில் முடி போடலாமா என்று கேட்கிறார்கள். 5 கிலோ யூரியாவின் நைட்ரஜன் 15 கிலோ முடியில் இருக்கிறது, சரி. ஆனால் காளானுக்கு வேண்டியது இன்றைக்குத் தின்ன நைட்ரஜன். முடி அடுத்த வருஷம்தான் தரும். அங்கே கோழி எரு போடுவது மேல்.

மாடியில் மண்பானையோ டிரம்மோ வைத்திருப்பவர்களுக்கு எனது சிபாரிசு இன்னும் கறார்: வாரத்துக்கு ஒரு பிடிக்கு மேல் வேண்டாம். அந்தச் சின்னக் கொள்கலன்கள் பெரிய குவியல் மாதிரி 55 டிகிரிக்கு ஏறுவதில்லை. முடி தேங்கிக்கொண்டே போகும். ஆகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள எருவிலிருந்து ஒரு முடியை எடுத்து இரு கையாலும் இழுத்துப் பாருங்கள். ரப்பராக நீண்டு சுண்டினால் ஆகவில்லை, அடுத்த குவியலில் திருப்பிப் போடுங்கள். இழுத்த மாத்திரத்தில் பட்டென்று அறுந்து, விரலில் கறையாக ஒட்டினால் ஆகிவிட்டது.

குளியலறை வடிகால் ஜாலியில் அடைத்த முடியும், வாக்குவம் கிளீனர் பையில் சேர்ந்த முடியும் கணக்கில் வேண்டாம். முன்னதில் சோப்புக் கசடு. பின்னதில் பாதிக்குப் பாதி பாலியஸ்டர் நூல்.

மூடாக்காகப் பரப்புவது

இதற்கு நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்: நீள முடியை மண்ணுக்கு மேலே போடாதீர்கள். மூடாக்கின் வேலை மண்ணை வெயிலிலிருந்து மறைப்பது, ஈரத்தைக் காப்பது, மெதுவாக மக்குவது. சருகு, வைக்கோல், கரும்புச் சோகை, தென்னை மட்டை எல்லாம் இதைச் சும்மா செய்கின்றன. உதிரி முடி காற்றில் பறக்கும். இரண்டு மழை பெய்தால் படிந்து கம்பளமாக இறுகும். அதன் மேல் லேசான தூறல் உருண்டு ஓடிவிடும்.

அதைவிடப் பெரிய காரணம் பறவைகள். வீட்டில் கோழி வளர்த்தவர்களுக்குத் தெரியும், கிளறுகிற காலில் முடி சுற்றினால் நடக்க நடக்க இறுகும். விரல் வீங்கிக் கறுத்த பிறகுதான் கோழி நொண்டுவதையே நாம் கவனிப்போம். ஒரு கையால் கோழியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தோலுக்குள் புதைந்த முடியைத் தேடி அறுப்பது லேசான காரியமில்லை. புறாவுக்கும் இதே கதி. பாரிஸில் புறாக்களின் விரல்கள் ஏன் துண்டாகின்றன என்று ஃபிரெடெரிக் ஜிகே என்ற பறவையியலாளரும் சக ஆய்வாளர்களும் பகுதி பகுதியாக எண்ணிப் பார்த்து 2019ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முடிதிருத்தும் கடைகள் அதிகமுள்ள பகுதிகளில் விரல் இழந்த புறாக்களும் அதிகம் என்று வந்தது. தெருவில் பெருக்கித் தள்ளுகிற முடியே அவ்வளவு செய்கிறது என்றால் நாமே போய் மைனா, தவிட்டுக்குருவி மேய்கிற தோட்டத்தில் ஏன் பரப்ப வேண்டும்?

முடியை மூடாக்காகப் போட்டு வெற்றி கண்டவர்கள் இல்லையா? உண்டு, ஆனால் அது உதிரி முடி இல்லை, பாய். 1989ல் அலாஸ்கா கடலில் எக்சான் வால்டெஸ் கப்பல் எண்ணெயைக் கொட்டியபோது, நீர்நாயின் ரோமத்தில் எண்ணெய் ஊறியதை டி.வி.யில் பார்த்த அலபாமா சலூன்காரர் ஃபில் மெக்ரோரி, கடையில் பெருக்கிய முடிக்கும் அந்தக் குணம் இருக்குமே என்று பரிசோதித்துப் பார்த்தார். பிறகு முடியை ஊசியால் குத்திக் குத்தி அடர்ந்த பாயாக ஆக்கி, எண்ணெய் உறிஞ்சவும், தொட்டிச் செடிக்கு மேல் விரிக்கவும் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். பாயாக இறுகிய முடி காலில் சுற்றாது, பறக்காது. அதை வீட்டில் செய்ய முடியாது. நம் பக்கத்தில் தென்னை நார்ப்பாய் அதே வேலையைச் செய்கிறது, நர்சரியில் எளிதாகக் கிடைக்கிறது.

நாய் முடி, பூனை முடி

புரதம் ஒன்றுதான், மனித முடியைவிட மெல்லிசு, தேங்காய் எண்ணெய் கிடையாது, அதனால் எருக்குழியில் சுலபமாகக் கலக்கும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, நாட்டு நாய் இவற்றின் முடி குட்டையானது. நறுக்க வேண்டிய வேலையே இல்லை. லாசா ஆப்சோ, ஷிட்சு, பெர்சியன் பூனை வைத்திருப்பவர்கள் மனித முடி மாதிரியே நறுக்கித்தான் போட வேண்டும். இதுவரை எல்லாம் நல்ல சேதி.

தொந்தரவு முடியில் இல்லை, முடியின் மேல் தடவுகிறதில் இருக்கிறது. உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் பிடரியில் சொட்டுகிற மருந்துகளில் ஃபிப்ரோனில், இமிடாகுளோபிரிட் இரண்டும் பரவலானவை. வயலில் நெல் தண்டுத் துளைப்பானுக்கும் சாறு உறிஞ்சும் பூச்சிக்கும் அடிக்கிற அதே சரக்கு. பிரிட்டனில் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நாய்-பூனை முடியை மெத்தையாக வைத்துக் கட்டிய பட்டாணிக்குருவி இனப் பறவைகளின் கூடுகளைச் சோதித்து 2025ல் முடிவை வெளியிட்டார்கள்: பார்த்த கூடுகள் அனைத்திலும் ஃபிப்ரோனில் இருந்தது, பொரியாத முட்டையும் செத்த குஞ்சும் மிகுந்த கூடுகளில் பூச்சிக்கொல்லி கூடுதலாக இருந்தது. இயற்கை உரம் மட்டுமே போடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு அந்த முடியை மண்புழுத் தொட்டியில் போடுவதில் எந்த அர்த்தமும் இல்லை. மாதாமாதம் சொட்டு மருந்து, உண்ணிப் பவுடர், மருந்துக் கழுத்துப்பட்டை என்று போகிற நாயின் முடி குப்பை வண்டிக்குத்தான். பறவை கூடு கட்ட எடுத்துப் போகட்டும் என்று ஜன்னலில் வைப்பதையும் நிறுத்திவிடுங்கள்.

மருந்தே போடாத நாய் என்றால் வேறு ஒன்றைப் பார்க்க வேண்டும்: உண்ணி. ரத்தம் குடித்துப் பட்டாணி அளவு உப்பிய பெண் உண்ணி ஒன்று முடியோடு வந்தால் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். பிரஷ்ஷில் எடுத்த முடியை வெள்ளைத் துணியில் உதறிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். தோலில் வட்ட வட்டமாக முடி கொட்டுகிற படர்தாமரை இருந்தால் அந்த முடியை எங்கேயும் போடக் கூடாது. அந்தப் பூஞ்சை தின்பதே கெரட்டினைத்தான். உதிர்ந்த முடியில் அதன் வித்துகள் ஒரு வருஷத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும், உங்கள் கைக்கும் வரும். முடியோடு கழிவும் மணலும் கலந்த பூனைத் தட்டு, காய்கறித் தோட்டத்து எருக்குழியின் பக்கமே வரக் கூடாது.

கூட்டிக் கழித்தால், நகரத்தில் வளர்கிற பத்து நாயில் எத்தனையின் முடி இந்தச் சல்லடையைத் தாண்டும் என்பது சந்தேகம். கிராமத்தில் வாசலில் கிடக்கிற நாயை யார் பிரஷ் போடப் போகிறார்கள்?

சலூன் மூட்டை: மரத்தடியும் பன்றி வரப்பும்

கிலோக்கணக்கில் முடி கிடைக்கிறவருக்கு மரத்தடிப் பள்ளம்தான் நல்ல இடம். காய்ப்பிலுள்ள நெட்டைத் தென்னைக்கு வருஷத்துக்கு 560 கிராம் தழைச்சத்து (நைட்ரஜன்), 320 கிராம் மணிச்சத்து, 1,200 கிராம் சாம்பல் சத்து என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. முடியில் பார்த்தால் அந்த 560 கிராம், 3.7 கிலோவில் அடங்குகிறது. ஒரு சலூனின் மாத முடி, ஒன்றிரண்டு தென்னையின் ஒரு வருஷத் தழைச்சத்து. ஆனால் அது அதே வருஷம் கைக்கு வராது, சாம்பல் சத்து துளியும் வராது. ஆகவே முடி போடுகிற முதல் வருஷம் வழக்கமான எருவைக் குறைக்க வேண்டாம். பொட்டாஷோ அடுப்புச் சாம்பலோ எப்போதும் போல. தண்டிலிருந்து நாலைந்து அடி தள்ளி அரைவட்டமாக ஓரடிப் பள்ளம் எடுத்து, சாணிக் கரைசலில் நனைத்த முடியைச் சருகோடு கலந்து பரப்பி, முக்கால் அடி மண் மூடிவிட வேண்டும். அடுத்த வருஷம் மறுபாதி. மேலே ஒரு முடிகூடத் தெரியக் கூடாது. தெரிந்தால் கோழி கிளறும், நாய் தோண்டும்.

புண்ணாக்கோடு ஒப்பிட்டால் இங்கே முடி ஜெயிக்கிறது: இலவசம், மெதுவாகக் கொடுப்பது, எறும்பு வராதது. தொட்டிச் செடிக்கு என்றால் புண்ணாக்குதான் ஜெயிக்கும். பத்து நாளில் செடியில் தெரியும்.

மூட்டையைப் பிரிக்கும்போது கவனம் வேண்டும். நம் சலூன்களில் பிளேடை இரண்டாக ஒடித்துப் பாதியைத்தான் கத்தியில் செருகுகிறார்கள். அந்தப் பாதி பிளேடு பெருக்குமாற்றில் முடியோடு வந்துவிடும். தார்ப்பாயில் கொட்டி, கையுறை போட்டு, பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை ஒரு குச்சியில் கட்டி முடிக்கு மேல் இரண்டு தடவை ஓட்டுங்கள். பிளேடு துண்டு வந்து ஒட்டிக்கொள்ளும். பஞ்சு, டிஷ்யூ, ஷாம்பு பாக்கெட், சிகரெட் துண்டு கையால் பொறுக்க வேண்டியவை. டை அடித்த முடி கலந்தே வரும். தென்னைக்கும் மாவுக்கும் அதைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை, கீரைப் பாத்திக்கு அந்த மூட்டையைத் தொடவும் மாட்டேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இதே மூட்டைக்கு இன்னொரு உபயோகம் தெரிந்திருக்கும். நிலக்கடலை, மக்காச்சோளம், மரவள்ளி போட்ட காட்டைச் சுற்றி வரப்போரம் ஓரடி அகலத்துக்கு முடியைத் தூவிவைப்பார்கள். காட்டுப்பன்றி மூக்கைத் தரையில் தேய்த்து மோப்பம் பிடித்துக்கொண்டேதான் நகரும். இழுக்கிற மூச்சில் குட்டை முடி மூக்குக்குள் ஏறினால் தும்மிக்கொண்டு திரும்பிவிடும் என்பது இதன் பின்னாலுள்ள யோசனை. தெலங்கானா, ஆந்திரப் பக்கத்திலும் இந்த வழக்கம் உண்டு. சூரியசக்தி வேலிக்கு ஆகிற செலவோடு பார்த்தால் இது சும்மா. ஆனால் மழை பெய்தால் முடி மண்ணோடு ஒட்டிவிடும், மறுபடி தூவ வேண்டும். கடலை முற்றுகிற கடைசி மூன்று வாரத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால் கட்டுப்படியாகும். மண்ணுக்கு மேலே முடி வேண்டாம் என்று சொன்னதற்கு இது மட்டும் விலக்கு. அதுவும் ஆண்கள் சலூனின் இரண்டு சென்டிமீட்டர் முடி என்பதால்தான். அது காலில் சுற்றுகிற நீளமில்லை. லேடீஸ் பார்லர் முடியை வரப்பில் போட்டால் மயிலும் கௌதாரியும் மாட்டிக்கொள்ளும்.

உரமா, பன்றிக்கா என்று இழுபறி வந்தால், பன்றி வருகிற ஊரில் வரப்புக்கே கொடுங்கள். ஒரு ராத்திரியில் பன்றி உழுதுவிட்டுப் போகிற கடலையின் விலைக்கு முன்னால் மூட்டை முடியின் நைட்ரஜன் ஒன்றுமில்லை. அறுவடைக்குப் பிறகு உழும்போது அதே முடி மண்ணுக்குள் போகத்தான் போகிறது.

முடியைக் காஸ்டிக் பொட்டாஷ் என்ற வீரியமான காரத்தில் வேகவைத்து "அமினோ அமிலம்" செய்வதாகச் சில வீடியோக்கள் வருகின்றன. வேதியியல்படி முடி கரையும். ஆலைகளில் முடியை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சிதைத்து சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைப் பிரிப்பதும் உண்மை. ஆனால் கொதிக்கிற காரம் தெறித்தால் கண் போய்விடும். வீட்டு அடுப்பில் செய்கிற வேலை அது இல்லை. அமினோ அமிலம்தான் வேண்டும் என்றால் மீன் கழிவும் வெல்லமும் சம எடை போட்டு மூடி வையுங்கள். எரிப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அந்த நாற்றமே கந்தகம் போகிற நாற்றம்.

சலூனில் கேட்கப் போகிறவர்களுக்கு: பெரும்பாலான கடைகளுக்குச் செவ்வாய் விடுமுறை, ஞாயிறு கூட்டம். திங்கள் ராத்திரி கடை அடைக்கிற நேரத்துக்குப் போனால் இரண்டு நாள் முடி ஒன்றாகக் கிடைக்கும். வெறும் சாக்கை நீட்டாமல், பிளேடு போட ஒரு மூடி வைத்த டப்பாவையும் கூடவே வாங்கிக் கொடுங்கள். காந்த வேலை பாதியாகும். கார்த்திகை, மார்கழியில் பாதிப் பேர் மாலை போட்டிருப்பார்கள், மூட்டை சிறுக்கும். தீபாவளிக்கு முந்தைய வாரம் இரண்டு சாக்காகக் கொண்டுபோங்கள்.